காத்திருப்பவர் யார்?

(பாகான் டாலாமில் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘நெடுநாள் பணிகளில் ஊக்கம் குன்றாமல் இருப்பது எப்படி’ என்று போட்டிருக்கிறார்கள். தன்முனைப்புப் பேச்சு கேட்க வந்தவர்கள் யாராவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எல்லோரையும் எழுந்து நிற்கவைத்து, கையை உயர்த்தச் சொல்லி, ‘என்னால் முடியும்’ என்று மூன்று முறை கத்தவைக்கும் வித்தை எனக்கு வராது. அதில் நம்பிக்கையும் கிடையாது. மண்டபத்தில் ஏறிய சூடு காரை எடுப்பதற்குள் ஆறிப்போகிறது.

இங்கே வந்திருக்கும் பலரை எனக்குத் தெரியும். ஒருவர் தம் குடும்பம் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நாளிலிருந்து வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் நம் ஆட்கள் புழங்கிய பேச்சுச் சொற்களைச் சேர்க்கிறார். நாவல் எழுதுகிறவர் இரண்டு பேர் இருக்கிறார்கள். எல்லோரும் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: “ஆரம்பத்துல நல்லாத்தான் போச்சு சார். இப்ப ஓட மாட்டேங்குது.”

ஓடாதுதான். ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலையைத் தனி ஒருவரின் உற்சாகம் தாங்குவதில்லை. அந்த வேலைக்காக வெளியே யாராவது ஒருவர் காத்திருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் உ.வே.சாமிநாதையர்.

தமிழ்த் தாத்தா என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். தலைப்பாகை, சுவடி மூட்டை, மாட்டு வண்டி என்று ஒரு படம் மனத்தில் நின்றுவிட்டது. தமிழ்க் காதலால் அலைந்தார், பழைய நூல்களைக் காப்பாற்றினார் என்று மேடைதோறும் சொல்கிறோம். காதல் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கதையின் தொடக்கத்தைக் கவனித்துப் பார்த்தால் அங்கே இருந்தது காதல் இல்லை. ரோஷம்.

1880ஆம் ஆண்டு. அவருக்கு வயது இருபத்தைந்து. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை அந்த ஆண்டுதான் கிடைத்திருக்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டு படித்தவர். திருவாவடுதுறை ஆதீனத்தில் மதிக்கப்பட்டவர். கும்பகோணத்துக்கு முன்சீபாகச் சேலம் இராமசுவாமி முதலியார் மாற்றலாகி வருகிறார். மரியாதைக்காக அக்டோபர் 21ஆம் தேதி உ.வே.சா. அவரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் அசைவே இல்லை. இதெல்லாம் படித்து என்ன ஆகப்போகிறது என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பிறகு சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. படிக்காதது மட்டுமில்லை, கண்ணால் பார்த்ததும் இல்லை.

முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்து, இதைப் படித்து எனக்குப் பாடம் சொல்லுங்கள் என்கிறார்.

இந்த ஏற்பாட்டை நன்றாகக் கவனியுங்கள். பிரதியைக் கொடுத்து ‘நேரம் கிடைக்கும்போது படித்துப் பாருங்கள்’ என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அது வீட்டுப் பரணில் உட்கார்ந்திருக்கும். நம் வீடுகளில் எத்தனை நல்ல புத்தகங்கள் அப்படி உட்கார்ந்திருக்கின்றன! ‘எனக்குப் பாடம் சொல்லுங்கள்’ என்றதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது முதலியார் நாற்காலியில் காத்திருப்பார். கேள்வி கேட்பார். நீதிபதி வேறு, மழுப்பினால் தெரிந்துவிடும். புரியவில்லை என்றால் புரிய வைப்பவரைத் தேடித்தான் ஆக வேண்டும்.

தேடினார். கும்பகோணத்தில் ஜைனர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுக்குச் சிந்தாமணி வெறும் இலக்கியம் அல்ல, வீட்டில் உட்கார்ந்து முறையாகப் பாராயணம் செய்யும் நூல். உ.வே.சா. போன நேரத்தில் ஒரு வீட்டில் சிந்தாமணியைப் படித்து முடித்த பூர்த்தி விழாவே நடந்துகொண்டிருக்கிறது. தமிழ்ப் புலவர்கள் பெரும்பாலோர் படிக்காமலே விட்டிருந்த ஒரு காப்பியம், பக்கத்துத் தெருவில் தோரணம் கட்டிக் கொண்டாடப்படுகிறது! சைவ மடத்தில் வளர்ந்த பிராமண இளைஞர் ஜைனர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். அவர்களும் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது காத்திருப்பவர்கள் இரண்டு தரப்பு. ஒருபக்கம் பாடம் கேட்கும் முதலியார். இன்னொரு பக்கம், தங்கள் நூலை இந்த ஆள் ஒழுங்காகக் கொண்டுவருவாரா என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஜைனர்கள்.

அச்சிடும் கட்டம் வந்தபோது இது இன்னும் கூடியது. அந்தக் காலத்தில் புத்தகம் போடக் கையொப்பம் வாங்குவார்கள். புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே பெயர் எழுதிக் கொடுப்பது. சிலர் பணமும் கொடுப்பார்கள். பெயர் கொடுத்தவர் ஊரில் எதிரே வந்தால் கேட்பார்: “என்ன சாமி, புத்தகம் என்னாச்சு?” இந்தக் கேள்விக்குப் பயந்தே எத்தனையோ வேலைகள் முடிந்திருக்கின்றன.

அச்சுக்கூடத்தின் நெருக்கடி இன்னொன்று. ஈய எழுத்தைக் கையால் கோத்து அச்சடித்த காலம் அது. பாரம் பாரமாகத்தான், அதாவது சில சில பக்கங்களாகத்தான், வேலை நடக்கும். ஒரு பாரத்தைக் கோத்து, புரூப் எடுத்து, திருத்தம் பார்த்து, அச்சடித்த பிறகுதான் அந்த எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டு அடுத்த பாரத்துக்கு எடுக்க முடியும். அச்சுக்கூடத்தில் எழுத்து அளவாகத்தான் இருக்கும். திருத்தம் பார்க்கிறவர் புரூப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எழுத்து முடங்கும், கோப்பவர் கை முடங்கும், முதலாளி சத்தம் போடுவார். உ.வே.சா. கும்பகோணத்தில், அச்சு சென்னையில். விடுமுறை வந்தால் சென்னைக்கு ரயிலேறுவார். மற்ற நாளில் புரூப் தபாலில் வரும். இன்றைக்கு மனசு சரியில்லை என்று தள்ளிப்போட முடியாது.

நடுவே யாழ்ப்பாணத்து சி.வை.தாமோதரம் பிள்ளையின் விஷயம் வந்தது. அவரும் சாதாரண ஆள் இல்லை. பழைய நூல்களைத் தேடிப் பதிப்பித்த முன்னோடி. 1887இல் கலித்தொகையைக் கொண்டுவந்தவர். சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பி, உ.வே.சா.விடம் இருந்த குறிப்புகளைக் கேட்டார். உழைத்துக் களைத்திருக்கும்போது, வசதியும் அனுபவமும் உள்ள ஒருவர் வந்து ‘கொடு, நான் முடிக்கிறேன்’ என்றால் கொடுத்துவிடத் தோன்றும். உ.வே.சா. தடுமாறினார், ஆனால் கொடுக்கவில்லை. போட்டிக்கு ஆள் வந்ததில் அவருக்கு வேகம் கூடியது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1887இல் சிந்தாமணி வெளிவந்தது. முதலியாரைப் பார்த்த நாளிலிருந்து ஏழு ஆண்டு. அத்தோடு நிம்மதி கிடைத்ததா? பதிப்பில் பிழை இருக்கிறது என்று கண்டன அறிக்கைகள் கிளம்பின. அவர் திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டே போனார். இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது. இடையில் பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898, ஐங்குறுநூறு 1903. குறுந்தொகை வெளிவந்த 1937இல் அவருக்கு வயது எண்பத்திரண்டு.

அதற்குப் பிறகும் ஒன்று பாக்கி. ஆனந்த விகடன் கேட்டுக்கொள்ள, 1940இல் அவர் தம் வரலாற்றை அதில் எழுதத் தொடங்கினார். வாராவாரம் பத்திரிகைக்கு அத்தியாயம் போக வேண்டும். எண்பத்தைந்து வயதுக்காரர் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தார். 1942 ஏப்ரலில் அவர் காலமானபோது ‘என் சரித்திரம்’ பாதியில் நின்றது. மணிமேகலைப் பதிப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வந்திருந்தது. தனியாக உட்கார்ந்து தன்வரலாறு எழுதப் பார்த்திருந்தால் அதில் பாதிகூட நமக்குக் கிடைத்திருக்காது. அடுத்த இதழுக்காக வாசகர்கள் காத்திருந்தார்கள், நமக்கு அந்தப் புத்தகம் கிடைத்தது.

காத்திருப்பவர் என்ன செய்வார் என்பதை நம் தண்ணீர்மலைக் கோயிலில் தைப்பூசத்தன்று பார்த்திருப்பீர்கள். காவடி எடுப்பவரின் பின்னால் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார். படத்தில் அவர் முகம் விழாது. காவடிக்காரர் தள்ளாடினால் சட்டென்று நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, காலைப் பிடித்துவிட்டு, எழுப்பி அனுப்புவார். நேர்த்திக்கடன் காவடிக்காரருடையதுதான். ஆனாலும் நாற்காலிக்காரர் இல்லாமல் படியேறியவர்கள் குறைவு. உங்கள் வேலைக்கு நாற்காலி தூக்குகிறவர் யார்?

“எனக்கு அப்படி யாரும் இல்லையே” என்று சொல்கிறவர்களுக்கு ஆ.சிங்காரவேலு முதலியாரைச் சொல்வேன். சென்னையில் பச்சையப்பன் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர். புராணம், இலக்கியம், சமயம், ஊர், பேர் எல்லாவற்றையும் அகரவரிசையில் ஒரே நூலில் அடக்க நினைத்து, ஆண்டுக்கணக்கில் தொகுத்தார். அதுதான் ‘அபிதான சிந்தாமணி’. அச்சிட ஆதரவு கேட்டார், எவரும் வரவில்லை. கையெழுத்துப் பிரதி மலைபோல் கிடக்க, கடைசியில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் உதவிக்கு வந்தார். 1910இல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் புத்தகம் வந்தது. தேவர் வருவதற்கு முன்னால் அந்த மனிதர் என்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுதினார்? என் ஊகம் இது. அவர் பள்ளிக்கூட வாத்தியார். ஒவ்வொரு நாளும் ஒரு பையன் எழுந்து ஏதாவது ஒரு பெயரைக் கேட்பான், பதில் எங்கும் ஒரே இடத்தில் கிடைக்காது. ஒரு வகுப்பறையே அவருக்காகக் காத்திருந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை மட்டும் என் கணக்கில் அடக்க முடியவில்லை. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்துக் குவித்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை வைத்துத்தான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. யார் கேட்டு அவர் சேர்த்தார்? சிலருக்குப் பொருளே போதும் போலிருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் அல்ல என்பதுதான் என் எண்ணம். அவரைப் பார்த்துப் பொறாமைப்படலாம், பின்பற்றுவது கஷ்டம்.

நம் மலேசியாவுக்கு வருவோம். உங்கள் கைப்பேசியில் தமிழில் வாட்ஸ்அப் அனுப்புகிறீர்கள். கோலாலம்பூரில் இருக்கும் முத்து நெடுமாறன் 1985இல் கணினியில் தமிழைக் கொண்டுவரும் வேலையை ஆரம்பித்தார். அதுதான் ‘முரசு’. பிறகு மின்னஞ்சல் வந்தது, ‘முரசு அஞ்சல்’ ஆனது. 2005 பொங்கலுக்கு ‘செல்லினம்’. கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி. ஆப்பிள் கணினியில் எழுத்துரு வரிசையைத் திறந்து பாருங்கள், ‘தமிழ் எம்என்’, ‘தமிழ் சங்கம் எம்என்’ என்று வரும். அந்த எம்என் அவருடைய பெயரின் முதலெழுத்துகள்.

இந்த வேலையின் கொடுமை என்னவென்றால், செய்து முடித்தது முடிந்ததாக நிற்காது. உ.வே.சா. பதிப்பித்த புறநானூறு இன்றும் புறநானூறுதான். மென்பொருள் அப்படியா? டாஸ் போய் விண்டோஸ் வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஆளுக்கொரு குறியீடு வைத்திருந்த காலம் போய் யூனிகோட் வந்தால் மறுபடி. கணினியிலிருந்து கைக்கு இறங்கினால் மறுபடி. இப்படிப்பட்ட வேலையை ஒருவர் நாற்பது ஆண்டு விடாமல் செய்ய எது காரணம் என்று அவரைக் கேட்டால் அவருக்கென்று ஒரு பதில் இருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் எனக்குத் தெரிவது, பயன்படுத்துகிறவன் சும்மா இருக்கமாட்டான் என்பதுதான். புதுப் போன் வாங்கிய அன்றே கேட்பான்: “இதுல தமிழ் வரலையே?”

இங்கே பினாங்கிலேயே சீனி நைனா முகம்மது இருந்தார். ‘உங்கள் குரல்’ இதழை நடத்தியவர். மரபு இலக்கணம் என்றால் இந்த நாட்டில் அவரிடம்தான் போய்க் கேட்பார்கள். 2014இல் மறைவதற்கு முன்னால் தொல்காப்பியத்துக்கு ‘நல்லார்க்கினியன் மரபுரை’ என்று ஓர் உரை எழுதி முடித்தார். இதழில் வாசகர் கேள்விக்குப் பதில் எழுதிய கை அது. கேட்க ஆள் இல்லாத ஊரில் தொல்காப்பியத்துக்கு யார் புது உரை எழுதுவார்கள்?

பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஓர் அக்காவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அந்தக் காலத்துப் பாட்டிமார் பாடிய ஒப்பாரி, தாலாட்டு, பால்மரம் வெட்டும்போது பாடியது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார். பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகம்தான் அவருடைய ஏடு. இடப்பக்கம் பாட்டு, வலப்பக்கம் காலி. அந்தக் காலியில் பென்சிலில் சின்னச் சின்னக் கேள்விகள்: ‘இது யார் செத்தப்ப?’, ‘கங்காணி பேரு மாத்திப் பாடுறாங்களா?’, ‘அடுத்த வரி கேக்கணும்.’ நானும் முதலில் அதை ஒழுங்கில்லாத ஏடு என்றுதான் பார்த்தேன். பிறகுதான் பிடிபட்டது. ஒவ்வொரு நாளும் வேலையை ஒரு கேள்வியில் நிறுத்துகிறார். பத்து நாள் கழித்து ஏட்டைத் திறந்தாலும் எங்கே போக வேண்டும் என்று பென்சில் எழுத்து சொல்லிவிடும்.

“நடுவுல விட்டுப் போகலையா அக்கா?” என்று கேட்டேன்.

“விட்டுடலாம்னுதான் இருந்தேன் தம்பி. மக பிரசவத்துக்குப் போயி ரெண்டு மாசம் ஏட்டத் தொடல. சுங்கை பட்டாணியில இருக்குற கெழவி போன் பண்ணுது. ‘ஏம்மா, பசியாறிட்டியா? பாட்டு பாதியில நிக்குதே, நான் போறதுக்குள்ள வருவியா மாட்டியா’ன்னு கேக்குது. அப்புறம் எப்படி விடுறது?”

பாட்டு சொல்கிறவரே இங்கே காத்திருக்கிறார். நம் பகுதியில் வரலாறு சேர்ப்பவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள். எதிர்காலச் சந்ததிக்காக எழுதுகிறேன் என்கிறார்கள். எதிர்காலச் சந்ததி போன் பண்ணாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய பெரியவரும், அப்பாவைப் போர்க்காலச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பறிகொடுத்த பாட்டியும் போன் பண்ணுவார்கள். அவர்கள் சொன்னதை நாலு பக்கம் எழுதிக் கொண்டுபோய், அவர்கள் எதிரிலேயே படித்துக் காட்டுங்கள். “அது அப்படி இல்லடா” என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தம் அடுத்த மாத வேலைக்குப் போதும்.

ஆனால் காத்திருக்கும் கூட்டமே சுமையாகிவிடுவதும் உண்டு. ஐம்பது பேருக்கு முகநூலில் அறிவித்துவிட்டு, ஐம்பது பேரின் கைத்தட்டலையும் முன்பணமாக வாங்கிவிட்டு, வேலையைத் தொடாதவர்களைப் பார்க்கிறோம். கைத்தட்டியவர் காத்திருக்கமாட்டார், அடுத்த படத்துக்குப் போய்விடுவார். இரண்டு பேர் போதும். அந்த இரண்டு பேரும் பக்கத்தைப் படித்துக் குறை சொல்கிறவர்களாக இருக்க வேண்டும். மனைவியோ கணவரோ அதில் ஒருவராக இருப்பதை நான் சிபாரிசு செய்யவில்லை. ஏன் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

ஒருவரே நாற்பது ஆண்டு இழுக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு.கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றும் வேலை. சம்பளம் கிடையாது. ஒருவர் ஒரு நூலைத் தட்டச்சு செய்வார், இன்னொரு நாட்டில் ஒருவர் மெய்ப்புப் பார்ப்பார். ஒருவர் சோர்ந்தால் அவருடைய ஒரு நூல்தான் தாமதமாகும். உங்கள் வேலையையும் இப்படி உடைக்க முடியுமா என்று பாருங்கள். துறைமுகச் சொற்களை ஒருவர், ரயில்வேச் சொற்களை இன்னொருவர். நாவலை உடைக்க முடியாது, அது வேறு விஷயம். நாவல்காரர்கள் தனியாகத்தான் கஷ்டப்பட வேண்டும்.

கடைசியாக, முடியாமலே போவது பற்றி. மொழியறிஞர் பாவாணர் தமிழுக்கு ஒரு சொற்பிறப்பியல் அகரமுதலி வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் கேட்டார். 1974இல் தமிழ்நாட்டு அரசு அவரை அந்தத் திட்டத்தின் இயக்குநராக்கியது. அப்போது அவருக்கு வயது எழுபத்திரண்டு. 1981 ஜனவரியில் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் பேசியவர், அங்கேயே நோய்வாய்ப்பட்டு மறைந்தார். அகரமுதலியின் முதல் பகுதி 1985இல்தான் வந்தது. மற்றவர்கள் தொடர்ந்து செய்தார்கள். சிங்காரவேலு முதலியாரும் இரண்டாம் பதிப்புக்குச் சேர்க்கைகளைச் செய்துகொண்டிருக்கும்போதே 1931இல் காலமானார். அவருடைய மகன் அதை ஒழுங்கு செய்து 1934இல் வெளியிட்டார். மகனால் செய்ய முடிந்தது என்றால், அப்பா எழுதி வைத்திருந்தது மற்றவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி இருந்தது என்று அர்த்தம்.

அதனால் உங்கள் ஏடுகளில் ஒரு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு பேட்டிக்கும் மேலே யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுதுங்கள். சுருக்கெழுத்தில் கிறுக்கினால் பக்கத்திலேயே விரித்து எழுதுங்கள். கைப்பேசியில் பதிவு செய்தால் கோப்புக்குப் பெயர் வையுங்கள். எண்ணாகக் கிடந்தால் உங்கள் பிள்ளை அழித்துவிடுவான். படத்தின் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று பென்சிலில் குறியுங்கள். பேனா மை மறுபக்கம் இறங்கும்.

அடுத்த மாதம் இதே மண்டபத்தைக் கேட்டு வைத்திருக்கிறோம். ஏடு வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். முடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை, நாலு பக்கம் போதும். படித்துக் காட்டலாம். அந்த அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். சுங்கை பட்டாணிப் பாட்டியை அழைத்துவரக் கார் தேவைப்படுகிறது. யாருக்கு வசதிப்படும் என்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.